பத்து கிலோமீட்டரும் ஒரு பிளேட் பொங்கலும்

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். இந்தக் கோணல் கணக்கு, 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையிலிருந்து அரச மாடம் வரை அளந்ததில் வந்தது. நான் ஓடுவது பத்துதான். ஏற்பாடு மட்டும் ராஜா வீட்டுக் கல்யாணம். நாலரை மணிக்கு பெசன்ட் நகரில், கைக்கடிகாரம் செயற்கைக்கோளைப் பிடிக்கும்வரை வானத்துக்குக் கை நீட்டி நிற்பேன். என் வேகம் கூடிய ஒரே நாள், தெருநாய் துரத்திய நாள்.

போட்டியன்று ஏழாவது கிலோமீட்டரில், வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் ரப்பர் செருப்போடு என்னைத் தாண்டினார். போட்டியாளர் இல்லை, பால் வாங்கப் போகிறவர். “கொஞ்சம் ஓரமா போங்க தம்பி” என்றார்.

பதக்கம் வாங்கிய கையோடு நெய்ப்பொங்கல், இரண்டு வடை. மூன்று மாதப் பயிற்சியில் ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறேன்.