திருகாணியியல்: ஒரு முன்னோட்டம்

காதணி பற்றி எழுதியவர்கள் எல்லாரும் முன்பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த ஆய்வாளர் எவருமில்லை. இதை நானே தேடி, நானே உறுதிசெய்துகொண்டேன்.

காது: இரண்டு.

தோடு: திருஞானசம்பந்தரின் முதல் பதிகமே தோட்டில்தான் தொடங்குகிறது. ஓலை என்ற சொல் காதணிக்கும் ஏட்டுக்கும் பொது. ஆடிப்பெருக்கன்று காவிரியில் காதோலை கருகமணி விடுகிறோம். பழஞ்சுவடிகளையும் அப்படி ஆற்றில் விட்டதை உ.வே.சா. எழுதிவைத்திருக்கிறார். கருத்தரங்கு என்னவோ இரண்டாவது ஓலைக்கு மட்டும்தான்.

ஜிமிக்கி, மாட்டல்: முடியில் சிக்கும்.

திருகாணி: இனிதான் கட்டுரை.

மிளகளவுத் தங்கம், தோட்டின் தண்டில் மரை வழியே ஏறுவது. விழும், உருளும், ஒளியும். எங்கே ஒளியும் என்பதில் அறிஞர்கள் இரு பிரிவு. கட்டிலடிக் கொள்கை பழையது (பாட்டி, 'கட்டிலுக்கடியில பாரு', கூடத்து உரை, மூன்றாம் முறை உரக்கச் சொன்னது). வாஷ்பேசின் கொள்கை அதற்கு எதிரானது (அம்மா, 'ஓட்டையை அடைச்சுட்டுக் கழட்டுன்னா கேக்குறியா', குழாயடிச் சொற்பொழிவு, மறுப்பு: அக்கா, முணுமுணுப்பு, அச்சேறாதது). மூன்றாவதாக ஒரு மூலம் உண்டு (தாத்தா, இருமல், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து). இதற்குக் 'கட்டிலடி' என்று பொருள் கொள்வாரும், 'காபி' என்று கொள்வாரும் உளர்.

வீட்டில் ஒரு திருகாணி தொலைந்த அன்று, கள ஆய்வுக்காக டார்ச்சோடு கட்டிலடியில் குப்புறப் படுத்தேன். கிடைத்தவை: ஊக்கு ஒன்று, ஸ்டிக்கர் பொட்டு இரண்டு, 2011இல் செல்லாமல் போன 25 காசு ஒன்று. இதைவிடக் குறைந்த சான்றை வைத்துப் பேரரசுகளையே நிறுவியவர்கள் உண்டு. நான் அடக்கமாக, அந்த இடம் 2011க்குப் பின் பெருக்கப்படவில்லை என்ற முடிவோடு நிறுத்திக்கொண்டேன். அம்மா அதை ஏற்கவில்லை. அவர் எறிந்த துடைப்பம் மறுப்புரையாகப் பதிவு செய்யப்படுகிறது.

ஆய்வில் வேண்டாவெறுப்பாக வெளிப்பட்ட பயன்பாட்டுச் செய்திகள் சில. கழற்றியதும் திருகாணியைத் தண்டிலேயே திருகிவிட்டுத்தான் டப்பாவில் வைக்க வேண்டும். நகைக்கடை ரோஸ் காகிதத்தைத் தூக்கி எறியாமல் ஒவ்வொரு தோட்டையும் தனித்தனியே சுற்றினால் ஒன்றையொன்று கீறாது. மரை தேய்ந்தால் நூல் சுற்றிச் சமாளிப்பது மரபு, பத்தரிடம் கொடுப்பது அறிவு. வெறும் தங்கத்தைப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்கலாம். பின்பக்கம் மூடிய கல் தோட்டை ஊறவைக்கவே கூடாது. கல்லுக்கு அடியில் நீர் இறங்கினால் ஒளி மங்கிவிடும். சென்ட் அடித்து முடித்த பிறகுதான் முத்துக் கம்மல் காதுக்கு ஏற வேண்டும்.

திருகாணி மறுநாள் காலை, தலை வாரும்போது அக்காவின் பின்னலிலிருந்து விழுந்தது. பின்னல் அப்போது கட்டில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்ததால் தன் கொள்கையே வென்றது என்கிறார் பாட்டி. முந்தின நாள் அந்தத் தலை வாஷ்பேசின்மேல் குனிந்திருந்ததை அம்மா சுட்டிக்காட்டுகிறார். தாத்தா மீண்டும் இருமியிருக்கிறார்.