கம்பளி போர்த்திய பூ

கேள்வி: தொட்டபெட்டா ரோட்டோரம் காகிதத்துல செஞ்ச மாதிரி வெள்ளைப் பூ பார்த்தேனுங்க. ராயபுரத்துல எங்க மொட்டை மாடியில வருமா?
(பனியன் துணி செக்கிங் வேலை பார்க்கும் வாசகி)

பதில்: வராதுங்க. அது அனஃபாலிஸ், சாமந்திக்குச் சொந்தம். காகிதமாகத் தெரிவது பூவைச் சுற்றிய செதில்கள்; அதனால்தான் காய்ந்தாலும் உருவம் குலைவதில்லை. இலையைத் தடவிப் பார்த்தீர்களா? நீங்கள் தினம் தொடும் ஃபிளீஸ் துணியின் உள்பக்கமேதான். 2,637 மீட்டர் உயரத்துப் பனிக்கும் காற்றுக்கும் அது போர்த்திக்கொண்ட கம்பளி. சித்திரை வெயிலில் கம்பளியோடு யாரை மாடியில் உட்கார வைப்பீர்கள்?

கேள்வி: மகளைக் கோத்தகிரியில கட்டிக் குடுத்திருக்கோம். அவ வீட்டு வேலியோரம் இந்தச் செடி தானா நிக்குது. அதைப் பெருக்கலாமாங்க?

பதில்: தாராளமாக. பூ முற்றிப் பஞ்சு கிளம்பும்போது விதை எடுக்கச் சொல்லுங்கள். தூசி மாதிரி இருக்கும், மூக்குக்கிட்ட கொண்டு போனால் பறந்துவிடும். மணல் கலந்த மண்ணில் மேலாகத் தூவினால் போதும், மூட வேண்டாம். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். இதைவிடச் சுலபம் குச்சி நடுவது: பூக்காத பக்கக் கிளையை விரல் நீளம் கிள்ளி, கீழ் இலைகளை உருவிவிட்டு, பருமணலில் நட்டு நிழலில் வையுங்கள். இலைமேல் தண்ணீர் தெளிக்கவே கூடாது. ஈரம் அந்த ரோமத்தில் தங்கினால் செடி அழுகிவிடும். நான் பார்த்தவரை, பாசத்தில் ஊற்றிய தண்ணீரால் செத்த செடிகளே அதிகம். உரமும் வேண்டாம்.

கேள்வி: காட்டுல அத்தனை கிடக்குதே, ஒண்ணு பிடுங்கினா என்ன?

பதில்: முக்குருத்தி மாதிரி தேசியப் பூங்காவுக்குள் பிடுங்கினால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். நீலகிரியின் புல்வெளியில் பெரும்பகுதியை சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டு இழந்துவிட்டோம். மிச்சமிருக்கும் புல்லுக்கு நடுவில்தான் இந்தப் பூவும் இருக்கிறது. அதிலும் கை வைத்தால் மனசு பொறுக்காது.

கேள்வி: அப்ப எங்க மாடிக்கு?

பதில்: கரிசலாங்கண்ணி. அதே குடும்பம், அதே வெள்ளை, சட்டைப் பொத்தான் அளவுப் பூ. கணு மண்ணைத் தொட்டாலே வேர் விடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்.