தண்ணி காட்டும் பற்கள்

எழுபதுகளில் திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கே பொதுவான பற்பசை அடுப்புக்கரிதான். கொஞ்சம் வசதி வந்த வீட்டில் ரோஸ் கலர் கோபால் பல்பொடி. கரியோடு கல் உப்பைச் சேர்த்து இடித்து, கொட்டாங்கச்சியில் போட்டுக் குழாயடி மாடத்தில் வைத்திருப்பாள் ஆயா. விரலை விட்டு ஈறு எரிய எரியத் தேய்க்க வேண்டும். வெறுமனே வாயைக் கொப்பளித்துவிட்டு நழுவப் பார்த்தால், “இன்னாடா, தண்ணி காட்டிட்டு ஓடுற?” என்று காதைத் திருகுவாள். எண்ணூர் அனல் மின்நிலையம் மொட்டைமாடி வரை சாம்பலை இலவசமாகக் கொண்டுவந்து கொட்டியது. அதை மட்டும் யாரும் பல்லுக்கு எடுக்கவில்லை. அந்தளவுக்கு விவரம் இருந்தது.

இப்போது விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. அன்று காதைத் திருகவைத்த அதே வேலைக்கு இன்று மூடியில் அளவுக்கோடு போட்டு விற்கிறார்கள். பேரன் நீலத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, போனில் ரீல்ஸ் பார்த்தபடி கன்னத்தை உப்பவைத்துத் துப்புகிறான். பிரஷ் எங்கே என்றால், “அதான் கிருமியெல்லாம் செத்துடுச்சே தாத்தா” என்கிறான்.

சாகாது. பல்லில் படிவது வெறும் அழுக்கல்ல. கிருமிகள் தாமே சுரக்கும் பசைக்குள் குடியிருக்கும் படலம். விசைப்படகின் அடியில் ஒட்டிய பாசியைக் கடல்தண்ணீர் நாள் முழுக்க அலசினாலும் போகிறதா? காசிமேட்டில் கரையேற்றிச் சுரண்டத்தான் வேண்டும்.

கொப்பளிக்கும் மருந்துகளில் கில்லாடி குளோர்ஹெக்சிடின். பல் துலக்குவதையே நிறுத்தியவர்கள் 0.2 சதவீதக் கரைசலைத் தினம் இருவேளை கொப்பளித்தபோது புதுப்படலம் படியவில்லை என்று 1970-ல் லோ, ஷியோட் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். புதிதாகப் படிவதைத் தடுப்பதில்தான் அதன் கெட்டிக்காரத்தனம். ஏற்கெனவே ஒட்டியதைப் பெயர்ப்பதில் அல்ல. வாரக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். டீ குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். பளிச்சென்ற பல்லுக்காகக் காசு கொடுத்துக் கறை வாங்குவது நம் காலத்துச் சாமர்த்தியம்!

நல்லெண்ணெய்க் கட்சிக்காரர்களும் உண்டு. மதுரவாயல் மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், எண்ணெய் கொப்பளித்த சிறுவர்களுக்கும் படலம் குறைந்தது. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே 20 பேர். செக்குக்காரர்கள் அதற்குள் துள்ள வேண்டாம்.

ஆயா கொடுத்த கரி எனாமலை அரித்தது நிஜம். குற்றம் கரியுடையது, தேய்த்ததில் இல்லை. பிரஷ்ஷும் பேஸ்ட்டுமாக இருவேளை தேயுங்கள். மருந்துத் தண்ணீரைப் பல் டாக்டர் சொன்ன நாள் வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படலம் கெட்டிப்பட்டுக் காரையாகிவிட்டால் பிரஷ்ஷுக்கும் அசையாது, ஸ்கேலிங்தான். கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.