டி-சர்ட் தலைவர்

"குட்டையைத் தூர்வாரோணும்" என்று ஊரில் யாராவது வாயெடுத்தால், நம் அறக்கட்டளைத் தலைவர் கேட்கும் முதல் கேள்வி: "உங்குளுக்கு எல்-லுங்களா, எக்ஸெல்-லுங்களா?"

சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். மண்வெட்டி, ஜே.சி.பி., வண்டல் எடுக்கத் தாசில்தாரிடம் அனுமதி எல்லாம் அப்புறம். முதலில் டி-சர்ட்.

நிறம் முடிவு செய்யவே ஒரு கூட்டம், காராச்சேவு, டீ. பச்சை போட்டால் விவசாயச் சங்கம் என்பார்கள். மஞ்சள் போட்டால் பழனிக்குப் பாதயாத்திரை. கறுப்பு, சிவப்பு, காவி பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. கடைசியில் வான நீலம். சாம்பிள் வரும். தலைவர் அதை வெயிலில் பிடித்துப் பார்ப்பார், உள்ளே கொண்டுபோய் ட்யூப்லைட்டில் பார்ப்பார். "சேடு அடிவாங்கிருச்சுங்க" என்று திருப்பி அனுப்புவார். அடுத்த சாம்பிளில் காலர் ரிப் தொளதொளப்பு. அதற்கடுத்தது ஒரு துவைப்பில் சுருங்கிவிடும், காம்பாக்டிங் சரியில்லையாம். அமெரிக்க பையர் கூட இவ்வளவு படுத்தமாட்டான்.

பிறகு பிரிண்டிங். முன்னால் தலைவர் படம், முதுகில் உபயதாரர்கள். பெயர் கூடக்கூட எழுத்து சிறுத்து, கடைசியில் "குட்டை" என்ற சொல் பிராண்ட் லேபிள் அளவுக்கு வந்து நிற்கும்.

2024 ஆகஸ்டில் மனிதர் திண்டாடிப்போனார். 14-ஆம் தேதி பறவைகள் வந்து தங்கும் நஞ்சராயன் குளம், ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. 17-ஆம் தேதி அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைத் திறந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் போராடிய தண்ணீர், 1,045 குளம் குட்டைகளுக்கு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. இவருக்கோ ஒரே வாரத்தில் ரெண்டு டி-சர்ட்! பறவை போட்டது ஒன்று, பைப் போட்டது ஒன்று. ஓவர்லாக்கும் பேட்லாக்கும் ராத்திரி ஷிப்ட் ஓடின. பைப்பில் தண்ணீர் வந்தேவிட்டது. எங்கள் குட்டையில் மட்டும் சீமைக்கருவேலம் அப்படியே நின்றது.

"நொய்யலைக் காப்போம்" டி-சர்ட்டுக்கு அவர் தேர்ந்தெடுத்தது அடர் பச்சை. பாசனத்துக்கென்று அந்த ஆற்றின் குறுக்கே கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் நம் ஊர்ச் சாயக்கழிவு தேங்கி, கீழே உள்ள விவசாயிகள் அணை நீரைக் கண்டாலே பயந்தார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. அந்த நொய்யலைக் காக்கச் சாயத்தில் முக்கிய துணியா என்று கேட்டேன். "இப்பெல்லாம் சுத்திகரிச்சு அந்தத் தண்ணியவே திருப்பி எடுத்துக்கறாங்க தம்பி, ஒரு சொட்டு வெளிய போகாதுங்க" என்றார். கூடவே, "உங்குளுக்கு எக்ஸெல் தானுங்களே?"

இத்தனைக்கும் நல்ல மனுசன். பாதி ராத்திரியில் ரத்தம் வேண்டும் என்று போன் போட்டால், கைலியோடு பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். மிஷினில் கைமாட்டிய ஒடிசாப் பையன் ஒருவனுக்காக விடிய விடிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் போட்டோ இல்லை, பேனர் இல்லை, டி-சர்ட்டும் இல்லை. அதனால்தான் திட்டிக்கொண்டே எல்லோரும் அவர் பின்னால் போகிறோம்.

ஆனால் கணக்கென்று ஒன்று இருக்கிறது. குட்டைக்கென்று ஊரில் வசூலித்த பணத்தில் பாதிக்கு மேல் துணியாகவும் பிரிண்டாகவும் போயிற்று. மிச்சத்துக்கு ஜே.சி.பி. ஒன்றரை நாள் ஓடியது. கரையின் ஒரு மூலைகூட முடியவில்லை. தலைவர் மண்வெட்டி பிடித்துப் போட்டோ எடுத்து முடித்த பிறகு, வாய்க்காலை வெட்டியவர்கள் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள். சேலைக்கு மேல் புருசனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார்கள். அவர்களிடம் யாரும் சைஸ் கேட்கவில்லை.

தலைவரே, அடுத்த தடவை ஜே.சி.பி.க்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அப்புறம் துணி எடுங்க. என்னிடம் ஏற்கெனவே பீரோ நிறைய இருக்கிறது.