மேடையும் பண்ணும்: சண்டை விளையாட்டு ரசிகர்களின் கற்பனை குறித்து ஓர் ஆராய்ச்சி

ஜப்பான் தேசத்து நின்டெண்டோ கம்பெனியார் 1999ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் வெளியிட்ட ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ என்னும் சண்டை விளையாட்டையும் அதன் வழித்தோன்றல்களையும் குறித்து, எந்த வீரன் எந்த வீரனை எந்த அடியால் வீழ்த்துவான் என்னும் விஷயத்தில் எழுதப்பட்டவை ஏராளமாகக் கிடக்க, அவ்விளையாட்டில் இதுவரை தோன்றாத மேடைகளையும் இதுவரை ஒலிக்காத பாட்டுகளையும் ரசிகர்கள் தாமே சிருஷ்டித்து, அவற்றுக்கு அங்க லக்ஷணங்களும் வகுத்து, பக்கம் பக்கமாக எழுதி வைக்கும் அபூர்வமான இலக்கிய வகையை மட்டும் பண்டிதர் எவரும் ஏறெடுத்துப் பாராதிருப்பது பெருங்குறையே ஆகும். அக்குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டை அறியாதவர்கள் பொருட்டு அதன் இலக்கணத்தைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். மாரியோ என்னும் குழாய் வேலைக்காரன், லிங்க் என்னும் வாள்வீரன், பிகாச்சு என்னும் மஞ்சள் நிற மின்சாரப் பிராணி, இவ்வாறு வெவ்வேறு கேம்களில் தனித்தனியே ராஜ்யபாரம் செய்துகொண்டிருந்த பாத்திரங்கள் ஓரிடத்தில் கூடி அடித்துக்கொள்வார்கள். மற்றச் சண்டை விளையாட்டுகளில் உயிர் தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமற் போனவன் தோற்றவன். இதிலோ அடிபட அடிபடச் சதவீதக் கணக்கு ஏறி, அதற்கேற்ப உடல் லேசாகி, கடைசியில் ஓர் உதையில் மேடைக்கு அப்பால் பறந்து மறைகிறவனே தோற்றவன். மேடையின்மேல் இருப்பது உயிர், அதைவிட்டு நீங்குவது மரணம் என்றாகிவிட்ட பிறகு, மேடையைப் பற்றி ரசிகர்கள் இராப்பகலாகச் சிந்திப்பதில் வியப்பில்லை.

இவ்விளையாட்டின் ஆதி வரலாறும் நம் கொள்கைக்கு அனுகூலமாகவே இருக்கிறது. மஸாஹிரோ ஸகுராய் என்பவரும், பிற்காலத்தில் நின்டெண்டோவின் தலைவரான ஸதோரு இவாதாவும் சேர்ந்து முன்மாதிரி ஒன்றைச் செய்தபோது, அதில் மாரியோவும் இல்லை, பிகாச்சுவும் இல்லை. பெயரும் முகமும் அற்ற சில உருவங்களே ஒன்றையொன்று உதைத்துக்கொண்டிருந்தன. ஆனால் பின்புறத்தில் ஒரு நிலக்காட்சி இருந்தது. யமனாஷி மாகாணத்தில் அவர்களுடைய ஹால் லாபரட்டரி கம்பெனி இயங்கிய ரியூஓ என்னும் ஊரை ஸகுராய் தாமே புகைப்படம் எடுத்து அங்கே ஒட்டியிருந்தார். அவ்வூர்ப் பெயரின் பொருளையே தழுவி முன்மாதிரிக்கும் ‘டிராகன் கிங்’ என்று நாமகரணம் ஆயிற்று. வீரர்களுக்கு முகம் முளைப்பதற்கு முன்னரே நிலம் அமைந்துவிட்டது என்பதை ஆராய்ச்சியாளர் மனத்திற் கொள்க.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்த தொல்காப்பியனாருக்கு இச்செய்தி சிறிதும் ஆச்சரியம் தந்திராது. முதல், கரு, உரி என்னும் அவருடைய பாகுபாட்டை இங்கே பொருத்திப் பார்ப்பது பயனுடையது. உரிப்பொருளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. எல்லா நிலத்துக்கும் உரிப்பொருள் உதையே. (கூட்டணியாக ஆடும்போது தன் அணியைச் சேர்ந்தவனையே கைதவறி உதைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்க நேரும் நிலையை ஊடலில் சேர்க்கலாமா என்பது தனியே ஆராயத்தக்கது.) பொழுதின் நுட்பமோ வியக்கத்தக்கது. 2008இல் வந்த ‘பிரால்’ என்னும் மூன்றாம் விளையாட்டில், ‘அனிமல் கிராஸிங்’ என்னும் கேம் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்மாஷ்வில் என்ற மேடையின் வானம், ஆடுகிறவர் வீட்டுக் கருவியின் கடிகாரத்தைப் பார்த்து வெளுக்கவும் கறுக்கவும் செய்யும். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் அங்கே சண்டைக்குப் போனால், கே.கே. ஸ்லைடர் என்னும் வெள்ளை நாய் கிதாருடன் வந்து உட்கார்ந்து, சுற்றிலும் நடக்கும் அடிதடியைச் சிறிதும் லக்ஷியம் செய்யாமல் கச்சேரி நடத்திக்கொண்டிருக்கும். முல்லைக்கு மாலை என்று வகுத்த பேராசானும் வாரத்தின் நாளைக் குறிப்பிடும் அளவுக்குப் போகவில்லை.

கருப்பொருள்களுள் உணவு தானாக மேடையில் வந்து விழும். தின்றவனுக்குக் காயம் ஆறும். நீரோரம் நின்றவனை மீன் வந்து விழுங்கும் மேடைகளும் உண்டு. தெய்வம், மரம், புள் ஆகியவற்றை அன்பர்கள் தாமே தேடிக் கண்டுகொள்வார்களாக. நமக்கு வேண்டியவை பறையும் யாழும். நிலந்தோறும் வேறு பறை, வேறு பண் என்று வகுத்த இலக்கணம் இந்த விளையாட்டில்தான் எத்துணை கறாராகக் கைக்கொள்ளப்படுகிறது! திணைகள் மயங்கலாம், நிலங்கள் தம்முள் மயங்கலாகா என்பது பழைய விதி. ஸகுராயும் வீரர்களை எந்த நிலத்திலும் கலந்து உலவவிட்டாரே தவிர, மேடையை அதனதன் குடும்பத்தோடு நிறுத்தினார். 2018 டிசம்பரில் வெளிவந்த ‘அல்டிமேட்’டில், பொதுவாக ஒரு குடும்பத்தின் மேடையில் அக்குடும்பத்துப் பாட்டே ஒலிக்கும். புறனடை இல்லாமற் போகவில்லை. 2001இல் வந்த ‘மெலீ’யில் ‘ஃபயர் எம்ப்ளம்’ குடும்பத்தின் மார்த், ராய் இருவரும் சேர்க்கப்பட்டார்கள். குடியிருக்க ஓரடி நிலம் அவர்களுக்குத் தரப்படவில்லை. அவர்கள் பாட்டு ‘ஸெல்டா’ குடும்பத்துக் கோயில் மேடையில் ஒண்டுக்குடித்தனம் செய்துகொண்டிருந்தது.

இனி, ரசிகர்கள் இயற்றும் மேடைக் கற்பனையின் அமைப்பைப் பார்ப்போம். இதற்குத் தக்க உதாரணம் பௌஸரின் கோட்டை. மாரியோவின் பரம வைரியான பௌஸர் மெலீ முதல் இடைவிடாமல் ஆடிவருகிறான். இளவரசி பீச்சின் அரண்மனை முதல் விளையாட்டிலேயே மேடையாயிற்று. மாரியோவின் தம்பி லூயிஜிக்குக் கூட ஒரு பேய் பங்களா கிடைத்துவிட்டது. எரிமலைக் குழம்பு கொதிக்கும் அந்தக் கோட்டைக்கு மட்டும் இன்றுவரை தனி மேடையாகும் யோகம் வாய்க்கவில்லை. எனவே ஒவ்வொரு ரசிகனும் அதைத் தன் செலவில் கட்டுகிறான். முதல் வாக்கியத்தில் அடக்கமாக ஒரு பாலம், இரண்டு திண்ணை என்று தொடங்குவான். அடுத்த வாக்கியத்தில் பாலம் இடிந்து விழும். பிறகு மேடை முழுவதும் விமானமாக மாறி வானத்தில் எழும்பும். பின்னணியில் பூதாகாரமான பௌஸர் ஒருவன் நெருப்பைக் கக்குவான். உண்மையான பௌஸர் அந்நேரம் ஆட்டத்தில் இருந்தால் என்ன செய்வது என்ற தர்மசங்கடத்துக்கும் அடைப்புக்குறிக்குள் பரிகாரம் சொல்லப்பட்டிருக்கும். இவ்வளவும் நாலைந்து வரியில் முடிந்துவிடும். அதன்பின் வருவது பாட்டுப் பட்டியல். எந்த ஆண்டு எந்த கேமில் எத்தனையாவது கோட்டையில் ஒலித்த மெட்டு, அதைப் பழைய படியே விடுவதா, புதிதாக வாத்தியம் சேர்ப்பதா, சேர்ப்பதாயின் எந்த வித்வானிடம் ஒப்படைப்பது என்றெல்லாம் கல்யாண வீட்டுக்காரர் கச்சேரிக்கு ஆள் பேசுவதுபோல் விஸ்தாரமாக நடக்கும்.

இந்த அளவு வித்தியாசத்தை ஊன்றிப் பார்த்த அளவில் நாம் கொண்ட முடிவு, மேடை ஒரு வியாஜம், பாட்டே பிரயோஜனம் என்பது. தான் பால்யத்தில் இரவு நேரத்தில் போர்வைக்குள் கேட்ட ஒரு மெட்டு மறுபடியும் சகல மரியாதைகளுடன் ஒலிக்க வேண்டும். பாட்டு ஒலிக்க ஓர் இடம் வேண்டும். ஆகவே இடம் கட்டப்படுகிறது.

இதற்குச் சான்றுகள் பல. பிரால் விளையாட்டில் பாட்டுகள் பலவற்றை ஆடுகிறவர்கள் தாமே சேகரிக்கவேண்டியிருந்தது. சண்டையின் நடுவே பளபளவென்று ஒரு ஸிடி தட்டு மேடையில் விழும். விழுந்த கணமே, அதுவரை ஒருவனையொருவன் கண்டம் செய்துகொண்டிருந்த மகாவீரர்கள் எதிரியை அப்படியே விட்டுவிட்டு அத்தட்டின் பின்னால் ஓடுவதும், அந்த அவசரத்தில் தாமே விளிம்பு தவறி விழுவதும் அக்காலத்தில் சாதாரண நிகழ்ச்சி. இனி, 2019இல் ‘பெர்ஸோனா’ குடும்பத்து ஜோக்கர் வந்தபோது அவனுடன் வந்த மெமென்டோஸ் என்னும் மேடை, ஐந்தாம் பெர்ஸோனாவின் பாட்டுக்குச் சிவப்பாகவும், நான்காவதன் பாட்டுக்கு மஞ்சளாகவும், மூன்றாவதன் பாட்டுக்கு நீலமாகவும் மாறுகிறது. நிலத்துக்கேற்பப் பண் என்ற இலக்கணம் இங்கே தலைகீழாகி, பண்ணுக்கேற்ப நிலம் என்றாகிவிட்டதைக் கண்டும் நம் முடிவை ஒப்பாதவர்களை என்ன சொல்வது?

கோபத்தின் அளவும் ஒரு பிரமாணமே. ‘ஃபைனல் ஃபேன்டஸி’ குடும்பத்தின் கிளவுட் 2015 டிசம்பரில் வந்தபோது அவனுடன் வந்த பாட்டுகள் இரண்டு. 2019இல் எஸ்.என்.கே. கம்பெனியின் டெர்ரி வந்தபோது அவனுடன் வந்தவை 50. சங்கீதத்துக்கே பெயர்போன குடும்பத்துக்கு இரண்டா என்று ரசிகர்கள் பொருமினார்கள். 2020 டிசம்பரில் அதே குடும்பத்து ஸெஃபிரோத் புதிய பாட்டுகளைச் சுமந்துகொண்டு வரும்வரை அப்பொருமல் அடங்கவில்லை. அதே 2020இல் ‘மைன்கிராஃப்ட்’ ஸ்டீவ் வந்தான். கண்ட இடத்தில் கட்டைகளை அடுக்கும் சுபாவம் அவனுக்கு உண்டாதலால், விளையாட்டிலிருந்த எல்லா மேடைகளையும் அவன் பொருட்டுத் திருத்த நேர்ந்ததாக ஸகுராயே சொன்னார். நூற்றுக்கு மேற்பட்ட மேடைகளைத் தோண்டித் திருத்திய அந்த அசுர உழைப்பை ரசிகர்கள் ஒரு நாள் மெச்சினார்கள். மைன்கிராஃப்டுக்கே அடையாளமான அந்த மெல்லிய பியானோ இசை வராமற் போனதைப் பற்றி இன்னும் அங்கலாய்க்கிறார்கள்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். இத்தனை அற்புதமாக மேடைகளைக் கற்பிப்பவர்கள், ஆடும்போது எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்தால், பந்தயக்காரர்கள் பெரும்பாலும் ‘பேட்டில்ஃபீல்ட்’, ‘ஃபைனல் டெஸ்டினேஷன்’ ஆகியவற்றையும் அவற்றின் சாயலுள்ள சில மேடைகளையுமே நாடுகிறார்கள். முன்னது ஒரு தரையும் மூன்று பரண்களும், பின்னது வெறும் பலகை. கம்பெனியாரும் மனமறிந்து, ஏறக்குறைய எல்லா மேடைகளையும் அந்த இரண்டு வடிவங்களில் தட்டையாக்கும் வசதியைச் செய்துகொடுத்து, மீனும் நெருப்பும் வராமல் அணைத்துவிட ஒரு பொத்தானும் வைத்துவிட்டார்கள். அப்படியாயின் கற்பனையெல்லாம் வீண்தானே என்பது ஆக்ஷேபம்.

அஃது எம் கோட்பாட்டுக்கு ஆக்ஷேபமாகாது, ஆதரவேயாம். அல்டிமேட்டின் பேட்டில்ஃபீல்டிலும் ஃபைனல் டெஸ்டினேஷனிலும் எந்தக் குடும்பத்தின் பாட்டையும் ஒலிக்கவிடலாம். நிலம் தன் அடையாளமெல்லாம் துறந்து பலகையாக நின்ற அதே இடத்தில், வெளிவந்த காலத்திலேயே 800க்கு மேற்பட்டிருந்த பாட்டுகள் அத்தனையும் குலபேதமின்றிப் பிரவேசிக்கின்றன. கோட்டையை இடித்தாலும் கோட்டைப் பாட்டை எவரும் விடவில்லை.

நின்டெண்டோ 2015இல் உலகெங்கும் வாக்கெடுப்பு நடத்தி, எந்த வீரன் வேண்டும் என்று கேட்டது. அதில் முதலிடம் பெற்ற ஸோரா 2021 அக்டோபரில் வந்து சேர்ந்தான். எந்த மேடை வேண்டும், எந்தப் பாட்டு வேண்டும் என்று ரசிகர்களை இவ்விதம் வாக்குக் கேட்டதில்லை. வாக்குரிமை இல்லாத இடத்தில் மனு எழுதும் வழக்கம் பெருகும் என்பது ராஜ்ய சாஸ்திரம் அறிந்த உண்மையாதலின், இவ்விலக்கிய வகை அடுத்த விளையாட்டு வரும்வரை குன்றாது வளரும் என்று தயக்கமின்றிக் கூறலாம்.

கடைசியாக ஒன்று. அல்டிமேட்டில் பாட்டுகளை மட்டும் தொகுத்துக் கேட்கும் பகுதி ஒன்று உண்டு. கையடக்கக் கருவியின் திரையை அணைத்துவிட்டுக் காதுக்கருவி வழியே கேட்டுக்கொண்டே பஸ்ஸில் போகலாம். மேடை இல்லை, வீரன் இல்லை, உதையும் இல்லை. இதையும் சண்டை விளையாட்டு என்ற தலைப்பின் கீழ் வைப்பதா, பெட்டி ஒன்றுக்கு இத்தனை பாட்டு என்று இசைத்தட்டுக் கடையில் வைப்பதா என்பதை நூலகத்தார் தீர்மானிக்கட்டும். அவர்கள் தீர்மானிப்பதற்குள் பௌஸரின் கோட்டையை ஒருமுறையேனும் ஸகுராய் கட்டிவிட்டால் நல்லது.