மலை மாமா பதில்கள்: நூறு சதவீதம் பிஸி!

? டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று காட்டுகிறது. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் காலி. எது பொய் மாமா?
*ஆட்டோக்காரர் மகன், காந்தல்*

ரெண்டும் நிஜம் மாப்ளே. அது இடக்கணக்கு இல்லை, நேரக்கணக்கு. காந்தல் முக்கோணத்து டீ மாஸ்டருக்கு சீசன் ஞாயிற்றுக்கிழமை ஆற்றிய கை ஓயாது. உள்ளே பெஞ்சு காலியாகவே கிடக்கும். மாஸ்டர் 100%, பெஞ்சு 30%. உனக்குப் பெஞ்சுதான் கண்ணில் படுகிறது.

? ஊட்டியில் காற்று மெலிசு, அதனால்தான் ஹார்ட் டிஸ்க் இழுக்கிறது என்கிறான் நண்பன். சரியா?
*கல்லூரி மாணவர், ஃபிங்கர்போஸ்ட்*

நல்ல சந்தேகம், தப்பான தீர்ப்பு. ஹார்ட் டிஸ்க்குக்குக் காற்று வேண்டும் என்பது சத்தியம். சுழலும் தட்டைத் தொடாமல் அதன் முனை மிதப்பதே காற்றுப் படலத்தின் மேல்தான். இடைவெளியோ தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. பெட்டியில் ஒரு பொட்டு மூச்சுத்துளை இருக்கும், பார்த்திருப்பாய். அடைத்துத் தொலைக்காதே.

காற்று ரொம்ப மெலிந்தால் முனை தட்டில் உரசும். அதனால் கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் 3,048 மீட்டரோடு, அதாவது 10,000 அடியோடு, கும்பிடு போட்டுவிடுகிறார்கள். ஊட்டி சுமார் 2,240. தொட்டபெட்டா உச்சியில் உட்கார்ந்து டைப் அடித்தாலும் 2,637தான். லடாக்கில் லே 3,500ஐத் தாண்டும். நண்பனுக்கு அங்கே வேலை கிடைத்தால் மறுபடி எழுதச் சொல்.

? எவன் டிஸ்க்கைத் தின்கிறான் என்று பிடிப்பது எப்படி?
*தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர், கோத்தகிரி*

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். 'டிஸ்க்' என்ற தலைப்பின் மேல் ஒரு தட்டு. பெருந்தீனிக்காரன் தானே மேலே வந்து நிற்பான். அப்டேட், டிஃபெண்டர், தேடலுக்கு அட்டவணை போடும் இண்டெக்ஸர்: இவர்கள் என்றால் வேலை முடிந்ததும் அடங்குவார்கள். அதுவரை மவுஸை வதைக்காமல் வர்க்கி சாப்பிடுங்கள்.

? என் பட்டியலில் 'சிஸ்மெயின்' நிற்கிறதே, வைரஸா?
*பேக்கரி உரிமையாளர், குன்னூர்*

வைரஸ் இல்லை, விண்டோஸ் வீட்டுப் பிள்ளைதான். விஸ்டா காலத்தில் பேர் சூப்பர்ஃபெட்ச். நீங்கள் எதைத் திறப்பீர்கள் என்று ஊகித்து, கேட்காமலே ரேமில் எடுத்து வைக்கும் உத்தமர். பழைய டிஸ்க்கில் அந்த உபகாரமே உபத்திரவம். சர்வீசஸில் நிறுத்திப் பாருங்கள், ஒன்றும் குடிமுழுகாது. பேரை மாற்றினால் பழி போய்விடும் என்று நம்புவது நம் கட்சிகள் மட்டுமல்ல!

? டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ் என்று அடித்தால் வேகம் கூடுமா?
*இல்லத்தரசி, லவ்டேல்*

விரலுக்குக் கூடும்.

? எழுதும் வேகம் 0.2 எம்பிகூட இல்லை. எந்தப் புரோகிராமும் வேலை செய்யவில்லை. ஆனால் 100%! உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் வேறு.
*ஸ்டூடியோக்காரர், மஞ்சூர்*

இதற்கு மட்டும் மாமா சிரிக்க மாட்டேன். சத்தம் இல்லையென்றால் சாட்டா கேபிள் லூஸா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் விண்டோஸ் 10இல் ஏஹெச்சிஐ டிரைவரால் வரும் ஒரு தகராறு உண்டு. வேலை முடிந்த தகவல் வந்து சேராமல் விண்டோஸ் காத்துக்கொண்டே நிற்கும். மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டு வழி சொன்ன விவகாரம் அது.

டிக் டிக் என்றால் கதை வேறு. படிக்க முடியாத இடத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சி5 என்ற வரி ஏறியிருக்கிறதா பாருங்கள். அவசரப்பட்டு 'செக் டிஸ்க்' ஓட்டாதீர்கள். முழு வட்டையும் துருவுகிற வேலையிலேயே டிஸ்க் போய்ச் சேரலாம். முதலில் கல்யாண ஆல்பங்களைக் காப்பி எடுங்கள். டிஸ்க் போனால் வேறு வாங்கலாம். அந்த மாப்பிள்ளையை மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது.

? அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். இப்போது ஆன் ஆவதற்குள் சோறு வெந்துவிடுகிறது.
*தங்கை, கேத்தி*

திட்டம் தொடங்கியது 2011இல். அக்கா முதல் செட் என்றால் அந்த லேப்டாப்புக்கு ஓய்வூதியமே கொடுக்கலாம். உள்ளே 2 ஜிபி ரேம் இருந்தால், இடம் போதாமல் விண்டோஸ் மிச்சத்தையெல்லாம் டிஸ்க்கில் கொண்டுபோய்க் கொட்டும், பிறகு தேடும். ரேமைக் கூட்டு. தட்டு சுற்றும் டிஸ்க்கைக் கழற்றி, இரண்டரை அங்குல எஸ்எஸ்டி மாட்டு. துண்டு துண்டாய்க் கிடக்கும் கோப்புகளைப் பொறுக்கும்போது பழையது நொடிக்கு நூறு தடவை எட்டிப் பிடித்தாலே பெரிது. எஸ்எஸ்டி பல்லாயிரம் தடவை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியே மைக்ரோசாஃப்ட் கையைக் கழுவியாயிற்று. விண்டோஸ் 11 அந்த லேப்டாப்பைத் திரும்பியும் பார்க்காது. சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸ் இருக்கிறது, இலவசம். இலவசம் என்றதும் அக்கா சம்மதிப்பார்.

? 40,000 போட்டோ வைத்திருக்கிறேன். ஃபோல்டரைத் திறந்தால் உறைந்துவிடுகிறது.
*ஓய்வுபெற்ற ஃபிலிம் தொழிற்சாலை ஊழியர், இந்து நகர்*

உறையாமல்? 40,000 குட்டிப் படம் வரைய வேண்டுமே! ஆண்டுவாரியாகப் பிரித்துப் போடுங்கள். உங்கள் ஹெச்பிஎஃப் ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். கண்ணை மூடியவர்களுக்கும் ஆல்பத்தில் இடம் கொடுத்தோம். இப்போது ஒரே வர்க்கிக்கு 36 எடுக்கிறீர்கள், ஒன்றையும் அழிப்பதில்லை.

? உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் எவ்வளவு பெரிசு?
*பள்ளி மாணவி, எமரால்டு*

1956, ஐபிஎம். இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள், எடை சுமார் ஒரு டன். கொள்ளளவு சுமார் 3.75 எம்பி. உன் செல்ஃபி ஒன்றை வைக்கலாம், உதட்டைக் குவிக்காமல் இருந்தால்.

? கணவர் ராத்திரி இரண்டு மணி வரை 'டிஸ்க் செக் பண்றேன்' என்று கம்ப்யூட்டரே கதியாக இருக்கிறார். நம்பலாமா?
*பெயர் வேண்டாம், காந்தல்*

பூனைபோல் போய் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள் தாயே. டிஸ்க் 2%, நெட்வொர்க் எகிறுகிறது என்றால் ஃபுட்பால் மேட்ச். ஸ்கோர் என்ன என்று கேளுங்கள். உடனே பதில் வரும்!