தறி ஊரில் ஒரு கம்ப்யூட்டர்

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு தானா அணைஞ்சு, மறுபடி எந்திரிக்குதுங்க. பையன் வைரஸ்ங்கிறான். நிசமுங்களா?
– ஒரு வாசகி, சோமனூர்

பதில்: பையன் சொல்வதற்கு முன்னுதாரணம் உண்டு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு விண்டோஸ் எக்ஸ்பிக்குள் புகுந்து, 60 நொடி கெடு வைத்து அணைத்தது. அதற்காவது சொல்லிவிட்டுச் செய்யும் மரியாதை இருந்தது!

எனக்குச் சந்தேகம் தறி ஓடும் உங்கள் ஊர்மேல்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். விசிறிக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே ஒரு தலையணைக்கு ஆகும் பஞ்சு கிடைக்கலாம். காற்று போகாவிட்டால் பிராசசர் 100 டிகிரியை நெருங்கும். கருகிப் போகாமலிருக்கத் தானே நிறுத்திக்கொள்ளும். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம் தாயி.

தூசி இல்லையா? கிரைண்டர் போடும்போது அணைகிறதா என்று பாருங்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும், வோல்டேஜ் சரியும். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் நல்லதாக இருந்தால் ஏறக்குறைய 16 மில்லிநொடி தாக்குப்பிடிக்கும். வயதானது அதற்குள் கையை விரித்துவிடும். அதை மாற்றி, ஒரு யூபிஎஸ்ஸும் வையுங்கள். ஏற்கெனவே இருந்தால் அதன் பேட்டரியைச் சோதியுங்கள். பீப் அடிப்பதாலேயே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று இருக்கும். பையன் அதைக் காட்டிப் பயமுறுத்துவான். ‘ஒழுங்காக அணைக்கப்படவில்லை’ என்பதற்கு மேல் அது பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை. அது உங்களுக்கே தெரியும்!